இரண்டே நாளில் ஒரு குறும்படம்



உங்களில் பலர் இப்போது பெற்றோர். "பிள்ளை செல்போனும் கையுமா குறும்படம் எடுக்கிறேன்னு அலையுது டீச்சர், ஞாயிறுக்குள்ள அனுப்பணுமாம். படிப்பு கெடாதா?" என்று கேட்கிறீர்கள். என் கருத்து: எடுக்கட்டும், விடுங்கள்.

கெடு குறைவாக இருப்பதே நல்லது. 2001-ல் வாஷிங்டனில் தொடங்கிய 48 மணி நேரத் திரைப்படப் போட்டியில் வெள்ளி மாலை ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் கொடுப்பார்கள். ஞாயிறு மாலைக்குள் கதை, நடிப்பு, எடிட்டிங் எல்லாம் முடிய வேண்டும். நம் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்தவர்கள்தான் நலன் குமாரசாமியும் கார்த்திக் சுப்புராஜும்.

நேரம் இல்லாதபோதுதான் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளை முடிவெடுக்கப் பழகும். கோபித்துக்கொண்ட நண்பனிடமும் உடனே பேசியாக வேண்டும். சுமாராக வந்தாலும் சொன்ன நேரத்தில் முடித்துக் கொடுப்பது பெரிய பாடம்.

இரண்டு நாளில் கார் சண்டையெல்லாம் எடுக்க முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அக்கா, டீக்கடையில் தமிழ் பழகும் ஒடிசா அண்ணன் என்று கண்முன் இருப்பவர்களைத்தான் கேட்டு எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் எடுக்காவிட்டால் இவர்களை யார் படமெடுப்பார்கள்?

மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். தண்டவாளத்தில் இறங்கி எடுக்க விடாதீர்கள். காசு கொடுத்து எடிட்டிங் செய்து தராதீர்கள். பையனை அனுப்பிவிட்டுப் பெண்ணை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

படம் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள். மார்க் போட மாட்டேன், பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்