திசு அறிக்கையில் விடுபடும் மாஸ்ட் செல்கள்

வாயின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும் திசுவைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் ‘நாட்பட்ட அழற்சிச் செல்களின் ஊடுருவல் காணப்படுகிறது’ என்னும் வாசகம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. ஆனால் அச்செல்கள் எவை, சவ்வின் எந்த ஆழத்தில் உள்ளன, எந்த நிலையில் இருக்கின்றன என்பவை குறிக்கப்படாமற்போவதால், நோயின் போக்கை உணர்த்தக்கூடிய செய்தியின் பெரும்பகுதி சிகிச்சை அளிக்கும் மருத்துவரை எட்டுவதே இல்லை. இக்குறையால் அதிகம் மறைந்துபோவன மாஸ்ட் செல்கள். ஹெபாரின், ஹிஸ்டமின், டிரிப்டேஸ், கைமேஸ் முதலியவற்றைத் துகள்களாகத் தம்முள் சேமித்து வைத்து, தூண்டப்பட்டவுடன் வெளியே கொட்டும் இந்த எதிர்ப்புச் செல்கள், வழக்கமான ஹீமட்டாக்சிலின்–இயோசின் சாயத்தில் எளிதில் அடையாளம் தெரிவதில்லை. 1878இல் பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வில் அனிலின் சாயங்களைக் கொண்டு இவற்றை இனங்கண்டார். அதே கொள்கையில் அமைந்த டொலுய்டின் நீலச் சாயம் இன்றும் எந்தச் சிறிய ஆய்வகத்திலும் குறைந்த செலவில் கிடைக்கிறது.

வாய் லைக்கன் பிளானஸ் நோயில் இச்செல்களின் பங்கு தெளிவாகப் புலப்படுகிறது. கன்னத்தின் உட்புறத்தில் வெண்கோடுகள் வலைபோல் பின்னிக் கிடக்கும் இடத்திலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் நோக்கினால், எபிதீலியம் எனப்படும் மேற்படலத்துக்குக் கீழே டி லிம்போசைட்டுகள் பட்டையாகத் திரண்டிருப்பதும், படலத்தின் அடிவரிசைச் செல்கள் சிதைந்து சிவாட் உருண்டைகளாகக் கிடப்பதும் தெரியும். அதே திசுவின் அடுத்த சீவலுக்கு டொலுய்டின் நீலம் ஏற்றினால், மற்றவற்றின் உட்கருக்கள் நீலமாகவே இருக்க, மாஸ்ட் செல்களின் துகள்கள் மட்டும் செவ்வூதாவாக நிறம் திரிந்து காட்சி தரும். அவற்றுள் பலவற்றின் விளிம்பு கலைந்து, துகள்கள் செல்லைச் சுற்றிலும் சிதறியிருக்கும். துகள் உதிர்த்த நிலையிலுள்ள மாஸ்ட் செல்கள் இயல்பான கன்னச் சவ்வில் ஏறத்தாழ 20 விழுக்காடு என்றால், லைக்கன் பிளானஸில் ஏறத்தாழ 60 விழுக்காடு என ஆய்வுகள் காட்டியுள்ளன. எண்ணிக்கையைக் காட்டிலும் இந்நிலையே கவனத்துக்கு உரியது.

உதிர்ந்த துகள்களிலிருந்து வெளிப்படும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் சமிக்ஞைப் புரதம் அருகிலுள்ள நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டும் மூலக்கூறுகளைப் பெருக்குவதால், இரத்தத்தில் செல்லும் லிம்போசைட்டுகள் அங்கே பற்றி நின்று திசுவுக்குள் இறங்குகின்றன. கைமேஸ் நொதியோ, எம்.எம்.பி. 9 என்னும் மற்றொரு நொதியை இயங்கச் செய்து, மேற்படலத்தைத் தாங்கும் அடித்தளச் சவ்வை அரிக்க வழிசெய்கிறது. அந்தப் பிளவின் வழியே சி.டி. 8 வகை டி செல்கள் மேற்படலத்துக்குள் புகுந்து அடிவரிசைச் செல்களை அழிக்கின்றன. அழிக்க வந்த டி செல்களே ராண்டெஸ் என்னும் ஈர்ப்புப் புரதத்தைச் சுரந்து மேலும் மாஸ்ட் செல்களை வரவழைத்துத் துகள் உதிர்க்கச் செய்கின்றன என்பதால், ஒன்றையொன்று தூண்டும் இச்சுழற்சியே நோய் ஆண்டுக்கணக்கில் அடங்காமல் நீடிப்பதற்கு ஒரு வலுவான விளக்கமாக நிற்கிறது. கூர்மையான பல்முனையோ, பொருந்தாத செயற்கைப் பல்தொகுதியோ, ஈற்றோரத்துக் காரையோ உள்ள இடத்தில் புண் மூளுவதைப் பல் மருத்துவர்கள் அன்றாடம் காண்கிறார்கள்; உராய்வும் மாஸ்ட் செல்லைத் தூண்டக்கூடியது என்பதை எண்ணினால், பல்முனையைத் தேய்த்துச் சீராக்குவதும் காரையை அகற்றுவதும் ஸ்டீராய்டு களிம்புக்கு முன்பே செய்யப்பட வேண்டிய சிகிச்சை என்பது விளங்கும்.

பாக்கு மெல்லும் பழக்கத்தால் வரும் வாய் உட்சவ்வு நார்மிகை நோயில் நிலைமை இத்தனை தெளிவாக இல்லை. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் விவரித்ததும், அடுத்த ஆண்டு மும்பையில் ஜோஷி விரிவாக எழுதியதும் இந்நோயையே. பாக்கிலுள்ள அரிகோலினும் செம்பும் கொல்லாஜன் நார் மிகுந்து இறுகக் காரணமாகின்றன. மாஸ்ட் செல்லின் டிரிப்டேஸ் நொதியும் நார் உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்ட வல்லது. தொடக்க நிலையில் மாஸ்ட் செல்கள் மிகுந்தும், நார் இறுகி வாய் திறப்பது குறைந்த நிலையில் அருகியும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இது பொதுவாக உறுதிப்பட்டால், சவ்வு வெளுத்து எரிச்சல் மட்டுமே உள்ள தொடக்கக் கட்டத்தில் எடுக்கும் திசுவின் மதிப்பு பன்மடங்கு கூடும். தமிழகத்தின் வெளிநோயாளர் பிரிவுகளிலோ, வாய் இரு விரல் அளவுக்கும் திறவாத நிலைக்கு வந்த பின்னரே பலர் மருத்துவரை நாடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. இவ்விரு நோய்களும் புற்றாக மாறும் வாய்ப்புள்ளவை என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால், வாளாவிருக்க இடமில்லை.

மாஸ்ட் செல்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நோயைப் பெயரிட முடியாது. அவை பல்வேறு அழற்சிகளிலும் பெருகுபவை. எடுக்கும் முறையும் முடிவை மாற்றிவிடும்: இடுக்கியால் நசுக்கிய திசுவிலும், மரப்பு ஊசியைப் புண்ணுக்குள்ளேயே செலுத்தி எடுத்த திசுவிலும் செல்களின் நிலையை நம்புவதற்கில்லை, மாஸ்ட் செல்களில் ஒரு வகை ஃபார்மலினில் பதப்படுத்தும்போது சாயம் ஏற்கும் இயல்பை இழப்பதும் உண்டு. ஆகவே நோய்க்கூறியல் மருத்துவர், செல்கள் மேற்படலத்துக்கு நெருக்கமாக உள்ளனவா, ஆழத்தில் குழாய்களைச் சூழ்ந்துள்ளனவா, துகள் உதிர்த்துள்ளனவா என்று ஓரிரு வரி கூடுதலாக எழுதுவதும், பல் மருத்துவர் தம் கோரிக்கைப் படிவத்தில் ஸ்டீராய்டு பூசப்பட்டிருந்ததா, எத்தனை நாள், பாக்குப் பழக்கம் உண்டா, புண்ணைத் தொட்டுக்கொண்டு உலோக அடைப்பு இருக்கிறதா என்பவற்றைக் குறிப்பதும் ஒரே வேளையில் நடைபெற வேண்டும். பெயரும் வயதும் ‘வெண்படலம்’ என்ற ஒரு சொல்லும் மட்டும் எழுதி அனுப்பப்படும் படிவத்துக்கு, ‘நாட்பட்ட அழற்சிச் செல்கள்’ என்ற விடையைத் தாண்டி எதையும் எதிர்பார்க்க இயலாது.