கொரோனா யாருக்குச் சேமிக்கக் கத்துக் கொடுத்துச்சு?

"மாமா, கொரோனா நமக்கெல்லாம் சேமிக்கக் கத்துக் கொடுத்துருச்சு. நீங்களும் மாசம் ஐநூறு ரூபாயாவது எஸ்.ஐ.பி. போடுங்க." சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தங்கச்சி மகன் போனில் பாடம் எடுத்தான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க.

2020 மார்ச் 25 ஊரடங்கு ஆரம்பிச்ச நாள். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு அது மல்லிகை சீசன். கோயில் பூட்டியாச்சு, கல்யாணங்கள் நின்னுபோச்சு, பூ மார்க்கெட் மூடியாச்சு. மொட்டைப் பறிச்சா ஆள் கூலிக்குக்கூடக் காணாது. பறிக்காம விட்டா செடியிலேயே விரிஞ்சு உதிரும். உதிரட்டும்னு விட்டுட்டோம்.

அதே மாசங்கள்ல மாப்பிள்ளைக்குச் சம்பளம் தவறாம வந்துச்சு. ஓட்டல் இல்லை, சினிமா இல்லை, ஊர் சுத்தல் இல்லை. செலவழிக்க வழியில்லாத பணம் பேங்கில் கிடந்தது. அதுக்குப் பேர் சேமிப்பாம்!

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு ஜி.டி.பி.யில் 21 சதவீதம்னு ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. நாடே உண்டியலை நிறைச்ச மாதிரி பேசினாங்க. அந்த மூணு மாசத்துல ஜி.டி.பி.யே கிட்டத்தட்ட கால்பங்கு சுருங்கிப்போனதை யாரும் சேர்த்துச் சொல்லலை. 2022-23ல் அதே சேமிப்பு 5 சதவீதம் அளவுக்கு இறங்கிருச்சு. கத்துக்கிட்ட பாடம் அதுக்குள்ள மறந்துபோச்சா?

எங்க வீட்டுக் கணக்கைக் கேளுங்க. ஆடு, நகை, வீட்டம்மாவோட சிறுவாடு, இதுதான் எங்க பேங்க். முதல்ல சிறுவாடு தீர்ந்துச்சு. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை கூடாததால, வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கு ஆடு போச்சு. கடைசியா ரெண்டு பவுன் செயின் அடகுக்கடைக்குப் போச்சு.

அந்த ஆகஸ்ட்ல பவுன் 43 ஆயிரத்தைத் தாண்டிச்சு. தங்கத்துல போட்டவங்களுக்கு லாபம்னு டிவியில் ஒரே சந்தோஷம். நகை மதிப்பில் 75 சதவீதம் வரைக்கும் இருந்த பேங்க் கடனை 90 சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கியும் சொல்லுச்சு. அதே செயினுக்குக் கூடுதல் கடன், கூடுதல் வட்டி. 2021ல் கூட்டுறவு வங்கியில் 5 பவுன் வரை வச்ச நகைக்கடனைத் தகுதி பார்த்து அரசு தள்ளுபடி செஞ்சது நல்ல காரியம்தான். அடகுக்கடையில் வச்சவங்களுக்கு அதனால என்ன பிரயோசனம்?

கொரோனா எங்க பழக்கத்தையும் மாத்தியிருக்கு. முன்னே நகை எடுக்கப் போனா, பொண்ணு கழுத்துக்கு நல்லா இருக்குமான்னு பார்ப்போம். இப்ப, இதை வச்சா எவ்வளவு கிடைக்கும்னு பார்க்கிறோம்.

எஸ்.ஐ.பி. மோசம்னு நான் சொல்லலை மாப்பிள்ளை. அது மாசச் சம்பளக்காரனுக்குத் தைச்ச சட்டை. எங்களுக்கு வருமானம் மாசாமாசம் வராது. பூ ஒருநாள் கிலோ ஆயிரத்துக்குப் போகும், மறுவாரமே பறிகூலிக்குத் தேறாது. செலவு போக மிஞ்சினாத்தான் அது சேமிப்பு. எங்களைச் சேமிக்கச் சொல்றதுக்கு முன்னாடி, விளைஞ்சதுக்கு ஒரு நிலையான விலை வேணும்னு எங்களோட சேர்ந்து கேளுங்க. மிச்சம் இருந்தா, அதை எங்கே போடணும்னு எங்க வீட்டம்மாவே உனக்குச் சொல்லிக் கொடுப்பா.