குழாய்க்குள் அகப்பட்ட காற்று

நமக்கு வெந்நீர் என்றால் ஸ்நானத்துக்குரிய வஸ்து. ஓர் அண்டாவும் நாலு விறகும் இருந்தால் காரியம் முடிந்துவிடும். குளிர் தேசங்களிலோ வெந்நீர் வீட்டுக்கே உயிர்நாடி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகள் பலவற்றில் அடித்தளத்திலோ சமையலறையிலோ ஒரு பாய்லர் இருக்கும். அங்கே சூடாகும் ஜலம் குழாய்களின் வழியே மாடி வரையில் ஏறி, அறைதோறும் நிற்கும் ‘ரேடியேட்டர்’ என்னும் இரும்புச் சாதனத்துக்குள் புகுந்து, தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய ஜலமாகக் கீழே திரும்பும். வெளியே பனி உறையும் இரவில் உள்ளே குழந்தை நிம்மதியாகத் தூங்குவது இந்தச் சுற்றோட்டத்தின் தயவினால்தான். நம்மவர் அநேகர் இன்று அந்நாடுகளில் குடியிருப்பதால், இதன் குணதோஷங்களை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

இந்த ஓட்டத்துக்கு முதல் சத்துரு காற்று. ரேடியேட்டரின் அடிப்பாகம் சுடுகிறது, மேற்பாகம் சில்லென்றிருக்கிறது, குழாயில் களகளவென்று சத்தம் கேட்கிறது என்றால், உள்ளே காற்று அகப்பட்டுக்கொண்டது என்று அறியலாம். காற்று லேசானது, ஆகையால் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது நிற்கும் இடத்துக்கு ஜலம் வராது. ஜலம் வராத இடத்துக்குச் சூடும் வராது. மிகப் பழைய வீடுகளில் பம்பு கிடையாது. சூடான ஜலம் மேலே எழும், ஆறியது கீழே இறங்கும் என்ற இயற்கை விதியினாலேயே ஓட்டம் நடக்கும். அந்த விசை மிகவும் சொற்பம். சிறிதளவு காற்றே அதைத் தடுத்துவிடக் கூடும்.

ஜலம் நிரம்பிய குழாய்க்குள் காற்று எப்படி வந்தது? அடுப்பில் வைத்த பாத்திரத்தைக் கவனித்தால் விடை தெரியும். கொதி வருவதற்கு வெகு முன்பே உட்புறத்தில் சின்னஞ்சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை நீராவியல்ல, ஜலத்தில் கரைந்திருந்த காற்று. 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் ஜலத்தில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க இடமுண்டு. 25 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற இந்த அளவு மேலும் குறையும். எஞ்சியது குமிழியாகப் பிரிந்து வரும்.

அதை வெளியேற்றும் முறை எளிது. முதலில் பாய்லரையும் பம்பையும் நிறுத்தி, ஜலம் ஆறும் வரையில் காத்திருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். ரேடியேட்டரின் மேற்கோடியில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால் சுற்று தளர்த்தினால் ‘உஸ்’ஸென்று காற்று வெளிப்படும். ஒரு கிண்ணத்தையும் பழந்துணியையும் பிடித்துக்கொண்டு, ஜலம் சீராக வந்ததும் திருகை மூடிவிடலாம். அந்தச் சமயம் அருகில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. இரும்பு அரிபடும் குழாய்களில் சேருவது சில வேளை காற்றல்ல, தீப்பற்றும் ஹைட்ரஜன்.

கடைசியாக அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் ஆறிய நிலையில் சதுர அங்குலத்துக்கு 12 ராத்தல் இருப்பது வழக்கம்; இது ஜலத்தைச் சுமார் 27 அடி உயரம் ஏற்றும். அழுத்தம் போதாவிட்டால் மேல்மாடிக் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குறைந்ததை நிரப்பும்போது ஒன்றை மறக்கலாகாது: சூடேறிய வார்ப்பிரும்புப் பாய்லருக்குள் குளிர்ந்த ஜலத்தை விட்டால் அது வெடித்துப் பிளந்துபோகக் கூடும்.

இவ்வளவோடு தொல்லை தீர்ந்தால் சரி. பதினைந்து நாளுக்கொரு முறை காற்று திரும்பி வந்தால் என்ன செய்வது? மறுபடியும் திருகைத் தளர்த்தி, மறுபடியும் ஜலத்தை நிரப்புகிறவர்கள் அநேகர். இது நோயாளிக்கு நோயையே உணவாகக் கொடுப்பது போன்றது. பழைய ஜலத்தில் இருந்த பிராணவாயு முன்பே இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும். அந்த ஜலம் ஏறக்குறைய சாதுவானது. புதிய ஜலமோ புதிய பிராணவாயுவைக் கொண்டுவருகிறது. அது குழாயை அரிக்கிறது. அரிபட்ட இடம் கசிகிறது. கசிவினால் மீண்டும் ஜலம் விட வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் உழைக்கக் கூடிய பாய்லர் இவ்விதம் அற்பாயுளாகிறது.

ஆகையால் ஜலம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மூட்டுகளையும் வால்வுகளையும் பார்த்தும் அகப்படாவிட்டால், பாய்லருக்கு மேலே தொங்கும் பழைய இரும்புத் தொட்டியைக் கவனியுங்கள். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும் ஜலம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கிறது. அதற்கு இடம் கொடுப்பதற்காகவே இந்தத் தொட்டிக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ரேடியேட்டரில் சத்துருவான காற்று இங்கே மித்திரன்! நாளடைவில் அது ஜலத்தில் கரைந்து போய்விட்டால் தொட்டி முழுவதும் ஜலமாகிவிடும். அப்புறம் பெருக்கும் ஜலம் பாதுகாப்பு வால்வின் வழியே சொட்டி வீணாகும். பாய்லர் ஆறியிருக்கையில், தொட்டிக்கும் அதற்கும் நடுவிலுள்ள வால்வை மூடி, தொட்டியின் ஜலத்தை வடித்து, காற்று புகுந்தபின் வால்வைத் திறந்து, அழுத்தத்தைச் சரி செய்தால் போதும்.

பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டி, ஜலம் விட்ட தேதியையும் அழுத்தத்தையும் குறித்து வருவது உத்தமம். குறிப்புகள் அடிக்கடி விழ ஆரம்பித்தால், குளிர்காலம் முற்றுவதற்குள் கைதேர்ந்த தொழிலாளியை அழைத்துவிட வேண்டும். வயோதிகர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில், உறைபனி இரவு வந்தபின் விழித்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை.