மறைத்தால் மட்டும் போதுமா?

வெளியூரில் பிழைக்கும் நம் பெயர் எத்தனை பட்டியல்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அடுக்குமாடிச் சங்கத்தில் ஒன்று, தமிழ்ச் சங்கத்தில் ஒன்று, பிள்ளைகளின் பள்ளியில் ஒன்று. முன்பு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, இப்போது வெப் அப்ளிகேஷனில் இருக்கிறது. நாலு எழுத்து தட்டினால் பட்டியல் படபடவென்று சுருங்கி, நமக்கு வேண்டிய ஆள் மட்டும் நிற்கிறார். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. அந்தச் சுருக்குகிற வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பொட்டி தட்டும் மக்களுக்குத் தெரிந்த சங்கதிதான், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்பது. அது பொறுக்கி எடுத்து, வேண்டியதை மட்டும் அனுப்பும். இன்னொன்று, முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் உங்கள் பிரவுசருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே வடிகட்டிக் காட்டுவது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ஒரே வரி போதும். 2005ல் பயர்பாக்ஸ் 1.5ல் வந்த 'ஃபில்டர்' வசதி, 2009ல் அந்த மொழியின் தரத்திலேயே சேர்ந்துவிட்டது.

இரண்டாவது வழியை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து மதுரைக்கு ரயில் தேடுகிறோம். இரவு வண்டி மட்டும், ஸ்லீப்பர் மட்டும் என்று டிக் அடிக்கும்போதெல்லாம் சர்வர் வரை போய் வந்தால், அதற்குள் இருக்கிற சீட்டும் போய்விடும். வந்த பட்டியலைப் பிரவுசரிலேயே வடிகட்டுவதுதான் சரி. ரயில் நேரத்தில் ரகசியம் ஏது?

ஆனால் வசதிக்காக வடிகட்டுவது வேறு, 'இன்னார்தான் பார்க்கலாம்' என்பதற்காக வடிகட்டுவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் வினையே. பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டு, "இந்தப் பக்கம் உங்களுக்கில்லை" என்று ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் எப்படி? தட்டைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்ததையே சொல்கிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் போகும் தேதியும் வரும் தேதியும் பதிய வேண்டும், வாட்ச்மேனுக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். என் லாகினில் திரையில் தெரிந்தது என் வீடு மட்டும்தான். பிரவுசருக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தாலோ, 180 வீட்டுக் கணக்கும் தேதியோடும் போன் நம்பரோடும் இருந்தது. செயலாளரிடம் சொன்னேன். "அதான் ஸ்கிரீன்ல தெரியலையே சார்" என்றார்.

கோடை லீவுக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிற ஜனம் நாம். எந்தக் கதவு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்ற பட்டியல் யார் கையில் போகக் கூடாதோ, அவன் கையில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

இது ஏதோ ஒரு சங்கத்தின் அசட்டுத்தனம் மட்டுமில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, 2019ல் வெளியிட்ட ஏ.பி.ஐ. ஆபத்துகள் பத்தில் மூன்றாவதாகச் சொன்னதே இதைத்தான்: தேவைக்கு மேல் அனுப்பிவிட்டு, வடிகட்டுவதைப் பிரவுசர் தலையில் கட்டுவது. அமெரிக்காவில் மிசௌரி மாநில அரசின் தளத்திலும் இதே கதை நடந்தது. ஆசிரியர்களின் சான்றிதழ் விவரம் தேடும் பக்கம் அது. திரையில் தெரியாத சோஷியல் செக்யூரிட்டி எண்கள் பக்கத்தின் சோர்ஸிலேயே கிடந்ததை 2021ல் ஒரு பத்திரிகை நிருபர் கண்டுபிடித்தார். துறைக்கு முதலில் தகவல் சொல்லி, ஓட்டையை அடைக்கவிட்டுத்தான் செய்தி போட்டார்கள். கவர்னரோ "ஹேக்கிங்" என்று வழக்குப் போடக் கிளம்பிவிட்டார். 2022 பிப்ரவரியில் வழக்கு இல்லை என்று ஆனது. வீட்டுக்குள் வந்து விழுந்த கடிதத்தைப் படித்தவன் திருடனாம்!

"200 வரிக்கு எதற்கய்யா சர்வரைத் தொல்லை செய்யணும்?" என்று நம் பொட்டி தட்டும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டையும் சேர்த்தே செய்யலாமே? இந்த லாகினுக்கு எந்த வரி, எந்தக் காலம் என்று சர்வர் முதலில் அளந்து கொடுக்கட்டும். கொடுத்ததற்குள் பிரவுசர் எப்படி வேண்டுமானாலும் வடிகட்டட்டும், வேகமும் குறையாது. பெயரைத் தேடும் பக்கத்துக்குப் போன் நம்பர் எதற்குப் போக வேண்டும்?

மற்றவர்கள் செய்யக்கூடியது மூன்று:

1. கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி வரவழையுங்கள். திரையில் இல்லாத பெயர்கள் அங்கே தெரிந்தால் விஷயம் வெளிச்சம். உங்கள் லாகினுக்கு வந்ததை மட்டும் பாருங்கள், அடுத்தவர் கணக்குக்குள் நோண்ட வேண்டாம்.

2. தெரிந்ததைச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023ல் நம் நாட்டில் சட்டமே நிறைவேறியிருக்கிறது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அந்தத் தொகையை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே கமிட்டி கூட்டத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

3. சரி செய்யும்வரை ஊருக்குப் போகும் தேதியை அதில் பதியாதீர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

தகவலை நாம் கொடுப்பது நம்பித்தான். "யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், அது யாருக்கும் போகக் கூடாது. போன பிறகு மறைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, ஒப்பனை. நீங்க என்ன சொல்றீங்க?