யார் தோளில் வரிச்சுமை?

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே உள்ள றொசல்லயில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் அரசாங்கத்துக்கு வரி செலுத்துகிறாளா என்று வினவினால், கற்றவரிற் பலரும் இல்லையென்றே விடை கூறுவர். வருமான வரிப் பதிவேட்டில் அவள் பெயர் இராது என்பது உண்மையே. ஆயினும் அவள் வாங்கும் சவர்க்காரத்திலும் பற்பசையிலும் வரி மறைந்து நிற்கிறது. 2022 மே மாதம் வரை நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதிசேர் வரி, அவ்வாண்டிலேயே 12 ஆகவும் 15 ஆகவும் ஏறி, 2024 சனவரி முதலாந் திகதி 18 ஆயிற்று. தோட்டத்துச் சிறுகடைக்காரர் வரிப் பதிவு பெறாதவராயினும், மேலே செலுத்தப்பட்ட வரி கொள்முதல் விலையோடு கலந்தே அவரிடம் வந்து சேர்கிறது.

கணக்கை நோக்குவோம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வீதத்தில், மாதத்தில் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் 33,750 ரூபாவே. வரிக்குரிய 1000 ரூபாப் பொருளுக்கு வரி 180 ரூபா. அஃது அவளுடைய ஏறத்தாழ ஒரு மணிநேர உழைப்பு. மாதம் மூன்று இலட்சம் பெறுபவருக்கோ அதே 180 ரூபா ஏழு நிமிட உழைப்பேயாம்.

விற்பனையின் மீது வரி விதிப்பதை ஆதரிப்போர் கூறும் நியாயங்களும் புறக்கணிக்கத் தக்கனவல்ல. செல்வர் மிகுதியாக வாங்குவதால் மிகுதியாகவே செலுத்துகின்றனர். அரிசி போன்ற பொருள்களுக்கு விலக்கு உண்டு. வருமானத்தை மறைப்பது எளிது, வாங்குவதை மறைப்பது அரிது. 2022 இல் கடனிறுக்க இயலாது நின்ற அரசு விரைவில் பணம் தேட வேண்டியிருந்தது என்பர். ஆனால் செல்வர் செலுத்தும் தொகை பெரிதாயினும் வருமானத்தில் அதன் பங்கு சிறிது. பெற்றதையெல்லாம் செலவிட்டே வாழ்பவருக்கு இவ்வரியிலிருந்து ஒதுங்க இடமில்லை. பாதியைச் சேமிப்பவருக்கோ அப்பாதி வரிக்கு அப்பால் நிற்கிறது.

இந்நிலை மலையகத்துக்குப் புதியதன்று. உள்நாட்டு நெல்லின் மீதான தானிய வரி 1892 இல் ஒழிந்த பின்னரும், தோட்டத் தொழிலாளர் உண்ட இறக்குமதி அரிசியின் மீது தீர்வை நீடித்தது. வருமான வரிச் சட்டமோ 1932 இலேதான் வந்தது. உண்போர் முதலிலும் ஈட்டுவோர் பின்னரும் வரி கொடுத்த வரலாறு இது.

வருமான வரியிலும் குறை உண்டு. மாதச் சம்பளக்காரரிடம் அது கைக்கு வருமுன்னே கழிக்கப்படுகிறது. கணக்குக் காட்டாத தொழிலினர் தப்பிவிடுகின்றனர். 2025 ஏப்ரல் முதல் விலக்கெல்லை ஆண்டுக்கு 18 இலட்சமாக உயர்ந்தமை நன்று. எனினும் எல்லைக்கு மேல் உள்ளோர் அனைவரிடமும் ஒழுங்காக அறவிட்டாலன்றி நீதி நிறைவுறாது.

யானைக்குக் கவளமாகக் கொடுப்பதற்கும் அது வயலிற் புகுந்து மிதிப்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துரைத்தார். தப்பிய வருமானத்தை வரிக்குள் கொணர்ந்து, அவ்வளவுக்கு அன்றாடப் பொருள்களின் வரியைக் குறைப்பதே இன்றைய அரசுக்கு நெறி. அதற்கு முன், வருமான வரி செலுத்துவோரே நாட்டைத் தாங்குகின்றனர் என்னும் பேச்சு ஒழிதல் வேண்டும். தோட்டப் பள்ளி மாணவனுக்கு, உன் தாயும் வரி செலுத்துபவளே, ஆதலால் அவ்வரிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அவளுக்கும் உண்டு என்று ஆசிரியர் கற்பிப்பாராக.