சம்பளம் இல்லை, லீவும் இல்லை... ஆனாலும் நிற்காத மென்பொருள்! மாமல்லபுரம் செஸ் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்?

2022 செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா? நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை, பூஞ்சேரியில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள்... மாமல்லபுரம் இரண்டு வாரம் உலக செய்தியில் இருந்தது. ஓபன் பிரிவில் இந்தியா 'பி' அணியும், மகளிர் பிரிவில் இந்தியா 'ஏ' அணியும் வெண்கலம் வென்றன.

அந்த நாட்களில் நேரலை பார்த்தவர்கள் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை ஏறும், கறுப்பு இறங்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி சொல்லும் கணக்கு அது. இந்தக் கணக்குக்கு இன்று உலகம் அதிகம் நம்புவது ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருளைத்தான். கிராண்ட்மாஸ்டர்கள் ஆட்டத்துக்குத் தயாராவதும் இதுபோன்ற இன்ஜின்களை வைத்துத்தான்.

இதை எந்த நிறுவனமும் விற்கவில்லை. இலவசம். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். எழுதியவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், அல்லது படிப்பவர்கள். இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

சரி, பகலில் ஆபீஸ், மாலையில் வீடு. அப்போ இதை எப்போ எழுதுறாங்க? வீட்டில் என்ன சொல்றாங்க? வேலைக்குப் பிரச்னை வராதா? பார்க்கலாம்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. ஓஎம்ஆர் சாலை மத்திய கைலாஷில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடிகிறது. வழியில் சிறுசேரி ஐ.டி. பூங்கா. ஜிஎஸ்டி சாலைப் பக்கம் வந்தால் பரனூரில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டில் வீடு, சென்னையில் வேலை. கடற்கரை வரை போகிற மின்சார ரயிலில் ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விடும். ஒன்பது மணி நேர வேலை. திரும்பி வந்தால் பிள்ளையின் வீட்டுப்பாடம், அம்மாவின் மாத்திரை, அடுத்த நாள் சமையலுக்குக் காய். இதற்கு நடுவே தமிழ் எழுத்துருவிலோ ஒரு செயலியிலோ இருக்கும் பிழையைச் சரிசெய்ய அவருக்குக் கிடைப்பது ராத்திரி பத்தரைக்கு மேல்தான். அதுவும் கண்ணைச் சுற்றும் நேரம்.

'சீக்கிரம் எழுந்திருங்க, நேரத்தைத் திட்டமிடுங்க' என்று அறிவுரை சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. ஆனால் இது தனி மனுஷனின் அலாரம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். அதைப் புரிந்துகொள்ள இரண்டு கதைகள் உதவும். ஒன்று பயங்கரமானது.

அரை நொடி தாமதத்தில் பிடிபட்ட சதி

எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள். கோப்புகளைச் சுருக்கித் தரும், அவ்வளவுதான். ஆனால் உலகின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இது எங்கோ ஒரு மூலையில் இருக்கும். இதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். ஏறக்குறைய ஒற்றை ஆள். சம்பளம் கிடையாது.

2022-ல் சிலர் அவரை நெருக்க ஆரம்பித்தார்கள். 'புது வெளியீடு எங்கே? ஏன் இவ்வளவு தாமதம்? முடியலைன்னா வேற யாருக்காவது கொடுங்க' என்கிற தொனி. அப்போது அவர், நீண்டகால மனநலப் பிரச்னைகளால் முன்போல் கவனிக்க முடியவில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை மறக்க வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே எழுதினார்.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்து நின்றவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இருந்த ஒருவர். பொறுமையாக, ஒழுங்காக வேலை செய்தார். களைத்துப் போயிருந்தவர் சாவியைக் கொடுத்தார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த இரண்டு வெளியீடுகளில் அந்த 'உதவியாளர்' ரகசியக் கதவு ஒன்றைச் செருகிவிட்டார். சர்வருக்குள் பூட்டை உடைக்காமலேயே நுழையும் வழி.

அது பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பிடிபட்டது. பிடித்தது எந்த உளவு நிறுவனமும் இல்லை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், சர்வரில் உள்நுழையும்போது ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளியுலகுக்குத் தெரியாது.

இதைத் தொழில்நுட்பச் சதியாக மட்டும் படிப்பது பாதிக் கதை. ஒரு மனுஷன் தனியாக, களைப்பாக, குற்றவுணர்ச்சியோடு இருந்தார். அந்த இடைவெளிதான் கதவு. சுமையைப் பங்குபோட ஆள் இல்லாத வீட்டில், 'நான் பிடிக்கிறேன் கொடு' என்று யார் வந்தாலும் கொடுத்துவிடுவோம் இல்லையா?

இது விதிவிலக்கும் இல்லை. கட்டற்ற மென்பொருள்களைப் பராமரிப்பவர்களிடம் டைட்லிஃப்ட் என்ற நிறுவனம் 2024-ல் எடுத்த ஆய்வில், 60 விழுக்காட்டினர் சம்பளமில்லாமல்தான் செய்கிறோம் என்றார்கள்.

கருவாடு சொல்லித்தரும் பாடம்

இப்போது நம்ம மாமல்லபுரம் கதைக்கு வருவோம். ஸ்டாக்ஃபிஷ் என்றால் குளிர்காற்றில் காயவைத்த மீன். நம்ம கடற்கரை மொழியில் உப்பு போடாத கருவாடு! நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய பழைய இன்ஜினை எடுத்து, இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா 2008-ல் மேம்படுத்தினார். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்த மீன் என்பதுதான் பெயருக்கான விளக்கம். பின்லாந்தின் யூனா கீஸ்கியும் சேர்ந்துகொண்டார்.

2013-ல் கேரி லின்ஸ்காட் என்பவர் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இதுதான் திருப்பம். ஒருவர் ஒரு சின்ன மாற்றத்தை எழுதி அனுப்புவார், சில நேரம் ஒரே ஒரு வரி. அது நல்லதா கெட்டதா என்று யாரும் உட்கார்ந்து வாதாட வேண்டாம். உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளில் புதியதும் பழையதும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதும். ஜெயித்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

இதனால் என்ன ஆச்சு? கோடிங் தெரியாதவர்கூட ராத்திரி கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், அதுவும் பங்களிப்புதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் மூன்று மாதம் காணாமல் போனால் திட்டம் நிற்காது, யாரும் போன் போட்டுக் கேட்கவும் மாட்டார்கள்.

2014 ஜூனில் கோஸ்டால்பாவே பொறுப்பிலிருந்து விலகினார், இனி சமூகம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இன்ஜின் நின்றதா? இல்லை. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது அவர் விலகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் ஸ்டாக்ஃபிஷ் இன்னும் பலசாலியாகியிருந்தது.

ஒரு கசப்பும் உண்டு. இந்த இலவச உழைப்பை எடுத்து, உரிமத்தின் விதிகளை மதிக்காமல் விற்றதாகச் செஸ்பேஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மீது ஸ்டாக்ஃபிஷ் குழு 2021-ல் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசம். ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள பொருள்களை ஓராண்டு விற்பதில்லை என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ராத்திரி தூக்கத்தை விட்டு எழுதியவர்கள், கோர்ட்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

சுனாமி நேரத்தில் நடந்தது

இதே வங்கக் கடலின் அந்தப் பக்கம் இன்னொரு உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் ஒரே இடத்தில் பதிவு செய்ய இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை வேகமாக எழுதினார்கள். அப்புறம் அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

பேரிடர் நேரத்தில் நிறுவனமே ஆளை விட்டுக்கொடுக்கும், வீடும் 'போயிட்டு வா' என்று சொல்லும். மூன்றாவது மாதம்தான் சோதனை. சஹானா தப்பித்ததற்குக் காரணம், அதற்குப் பின்னால் அமைப்பும் நிதியும் வந்ததுதான். வெறும் உணர்ச்சி வேகத்தில் எத்தனை நாள் ஓடும்?

ஆபீஸில் பிரச்னை வருமா?

வரலாம். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 இதைப் பற்றிப் பேசுகிறது. வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் ஒரு பகுதியாக நீங்கள் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் உங்கள் முதலாளிதான். மென்பொருளும் இதில் அடக்கம். அப்போ வீட்டில், சொந்த லேப்டாப்பில், ஞாயிற்றுக்கிழமை எழுதியது? அது 'வேலையின் பகுதி' இல்லை என்று வாதிடலாம். ஆனால் பணி நியமனக் கடிதங்கள் சில சமயம் இதைவிட அகலமாக வலை வீசும். கையெழுத்துப் போட்ட அன்று யார் அதையெல்லாம் படித்தோம்?

2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியபோது 'மூன்லைட்டிங்' சர்ச்சை வெடித்தது. காசு வாங்கிச் செய்யும் இரண்டாவது வேலையும், காசில்லாமல் செய்யும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றல்ல. ஆனால் கடிதத்தில் இருக்கும் வரிகள் எல்லா நேரமும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அதனால் மனிதவளத் துறைக்கு ஒரு மெயில் போட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைப்பது நல்லது. ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

சரி, சம்பளமே கிடைக்காதா?

சிலருக்குக் கிடைக்கிறது, ரொம்பத் தாமதமாக. இணையத்தில் தரவை அனுப்பி வாங்கும் 'கர்ல்' என்ற கருவி கோடிக்கணக்கான போன்களிலும் கார்களிலும் டிவிகளிலும் இருக்கிறது. ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் 1990-களில் தொடங்கியது. முழுநேரமாக அதற்கே சம்பளம் வாங்க ஆரம்பித்தது 2019-ல்! அதுவரை இருபது ஆண்டுகள் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவேதான்.

இந்தியாவில் ஸீரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதி ஒன்றை அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இது உலகம் முழுமைக்குமான நிதி. செங்கல்பட்டு ரயிலில் தூங்கி வழியும் நம்ம ஆளுக்கு அது வந்து சேர எத்தனை வரிசை தாண்டணும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த நேரம் யாருடையது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் கோடிங்கில் உட்கார்கிறார் என்றால், அந்த நான்கு மணி நேரம் சோறு வடித்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் வேறு யாரோ.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்காக நாளுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் அந்த வேலையைத் தொடுகிறார்கள்! கட்டற்ற மென்பொருள் உலகில் பெண்கள் ஏன் குறைவு என்று கருத்தரங்கம் போட்டுப் பேசுவதற்கு முன்னால், இந்த 299-ஐப் பார்த்துவிட்டு வந்தால் நேரம் மிச்சம். 'ஓய்வு நேரத்தில் செய்யுங்க' என்ற அழைப்பு, ஓய்வு நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேர்கிறது.

அதனால் குழுக்கள் கூடும் நேரம், வேலையின் அளவு எல்லாமே முக்கியம். நம்ம பகுதியில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இணைய வழியிலும் கூடிப் பேசுவதால் பஸ் பிடித்துப் போக வேண்டியதில்லை. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழும், 2013-ல் வந்த 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளமும் தன்னார்வலர்கள் கையில்தான் இன்றும் நடக்கின்றன. ஒருவர் மெய்ப்பு பார்ப்பார், ஒருவர் அட்டை செய்வார், ஒருவர் மின்னூலாக்குவார். ஸ்டாக்ஃபிஷ் மாதிரியே துண்டு துண்டாக.

எனக்குக் கோடிங் வராது, தமிழ் பி.ஏ. அதனால் இந்தக் கட்டுரைக்காக 'ட்ரான்ஸ்லேட்விக்கி' தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்த்தேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளில் வரும் ஆங்கில வாசகங்களை அங்கே ஒவ்வொன்றாகத் தமிழாக்கலாம். ஒரு வாசகத்துக்கு ஒரு நிமிடம், சிக்கலானதாக இருந்தால் பத்து நிமிடம். 'அடையாளச் சொல்லா, குறிச்சொல்லா' என்று ஒரே வார்த்தையில் நான் மாட்டிக்கொண்டது தனிக் கதை. ஐந்து வாசகம் முடித்தபோது ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியிருந்தது. ஆறாவதைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினேன். மறுநாள் போய்ப் பார்த்தால், அதை வேறு யாரோ முடித்து வைத்திருந்தார்கள்.