‘இன்ஜினை இறக்கணும்’ என்று சொன்னால்..?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறுகிறது. ஐட்லிங்கில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மேடு ஏறினால் பிக்கப் இல்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் இப்படி மிஸ்ஸிங் வந்ததும் வீட்டில், ‘வித்துட்டு வேற வண்டி பார்க்கலாம்’ என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில், ‘இன்ஜினை இறக்கணும்’ என்பார்கள். இரண்டுமே அவசரப் பேச்சு.

அரியலூர் மாதிரி ஊர்களில் பழைய கார் என்றதும் நினைவுக்கு வருவது மாருதி 800. 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. புகை விதி கடுமையானதால் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010-லேயே விற்பனை முடிந்துவிட்டது. மற்ற ஊர்களில் அதற்குப் பிறகும் கிடைத்தது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் காலி. அதனால்தான் அந்த உதறல் அவ்வளவு பயமுறுத்துகிறது. கோளாறு பல நேரம் சில நூறு ரூபாய் சமாசாரம்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் பிடிக்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடும்போது மெக்கானிக் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். கழற்றியதும் இன்ஜின் இன்னும் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. (வெறுங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும், வீட்டில் முயல வேண்டாம்.) பிறகு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் கோளாறு. மாறாவிட்டால் ஒயரையும் அதே போல மாற்றிப் பார்க்கலாம்.

கழற்றிய பிளக்கின் முனையை ஓனரும் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு என்றால் நலம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. இங்கேதான் அரியலூர் விஷயம் வருகிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னாலேயே தினமும் ஓடும் காரில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, இன்று காரின் மூக்கை அடைக்கிறது! மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை இங்கே காத்திருக்கக் கூடாது.

சத்தம் வேறு கதை. மேலே, வால்வு கவர் பக்கம் ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் டேப்பட். 800-ல் அதை அட்ஜஸ்ட் செய்துவிடலாம். ஆனால், முதலில் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துவிட வேண்டும். ஆயில் குறைந்தாலும் இதே சத்தம் வரும். காலையில் மட்டும் ‘கிரீச்’ என்றால் பெல்ட். மேடு ஏறும்போது மட்டும் ‘கலகல’ என்றால் இக்னிஷன் டைமிங்கோ, உள்ளே படிந்த கரியோ காரணமாக இருக்கலாம்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். கீழே இருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினால், கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கலாம். ‘திருச்சி வரைக்கும் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்’ என்றால், ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். குழந்தைகளோடு நடுவழியில் நிற்க வேண்டிவரும். அங்கேயே ஓரம் கட்டி, வண்டியைக் கட்டி இழுத்துவருவதுதான் மலிவு.

கம்ப்யூட்டர் இருக்கும் கார்களில் வேலை சுலபம். ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வரும். முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை அது சொல்லாது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரின் அளவையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். அப்போது இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். எஸ்டிமேட்டில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பல ஆயிரம் ரூபாய்.